ஆடும் தலை, நிலைத்த பார்வை

நாய் ஓய்ந்து படுத்திருக்கும் நேரத்தில்தான் அது வருகிறது. ஓடும்போது வருவதில்லை, தின்னும்போது வருவதில்லை, வாசலில் ஆள் அரவம் கேட்டு எழுந்து குரைக்கும்போதும் வருவதில்லை. முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்து அரைக்கண் மூடிக் கிடக்கையில் தலை மட்டும் அசையத் தொடங்குகிறது. சில நாய்களுக்கு இடவலமாக, சிலவற்றுக்கு மேலும் கீழுமாக. சீரான, வேகமான அசைவு. கழுத்துக்குக் கீழே உடம்பு சும்மா கிடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் நிமிர்ந்து பார்க்கும். ஒரு துண்டு ரொட்டியை நீட்டினால் எழுந்து வந்து வாங்கிக்கொள்ளும். வாங்கும் அந்த நொடியில் ஆட்டம் நின்றிருக்கும். திரும்பப் படுத்தால் மறுபடி தொடங்கலாம். சில நொடிகளோ சில நிமிடங்களோ நீடித்து, வந்த தடமே இல்லாமல் போய்விடும்.

பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குள் அது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. நாய் எழுந்து தண்ணீர் குடித்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதன் மனிதர் நெஞ்சு படபடக்க அதன் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நடுக்கம் நாயின் உடம்பில் நடக்கிறது. பயம் நம் உடம்பில் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கும்வரை நாம் நாயைப் பார்ப்பதில்லை, நம் பயத்தைத்தான் பார்க்கிறோம்.

எங்கள் வீட்டு லாப்ரடார் பொன்னிக்கு இது வந்தது, குட்டித்தனம் அடங்கி அவள் நிதானத்துக்கு வந்திருந்த பருவத்தில். மதுரையில் கோடை மதியங்களில் தெருவே அடங்கிக் கிடக்கும். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தவளின் தலை இடவலமாக ஆடியது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்தச் சொல் என்னோடு தங்கிவிட்டது. பொம்மையின் தலை ஆடுவதற்கு ஒரு விரல் வேண்டும். யார் தட்டினார்கள் என்று தெரியும், எதனால் ஆடுகிறது என்று தெரியும், எப்போது நிற்கும் என்றும் தெரியும். பொன்னியின் தலையைத் தட்டிய விரல் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சொல்ல எல்லாரும் முயன்றார்கள். அம்மா, "கண்ணு பட்டிருச்சுப்பா. தெருவே பாக்குற மாதிரில்ல வளந்து நிக்கிறா" என்றாள், கறுப்புக் கயிறு ஒன்றை முடிந்து பொன்னியின் கழுத்தில் கட்டினாள், பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். பால் ஊற்ற வருகிறவர் உடம்புச் சூடு என்றார், மோர் ஊற்றச் சொன்னார். ஆடு வளர்த்த பழக்கமுள்ள ஒரு பெரியவர் காதுமடலைத் திருப்பிப் பார்த்து, உள்ளே உண்ணி ஏறியிருந்தால் தலையை உதறும் என்றார். இவர்கள் ஒவ்வொருவரின் சொல்லிலும் ஒரு செயல் இருந்தது. கயிறு கட்டலாம், மோர் ஊற்றலாம், காதைத் துடைக்கலாம். காரணம் என்பதை நாம் ஏன் இவ்வளவு தேடுகிறோம் என்பது எனக்கு அப்போது விளங்கியது. காரணம் கிடைத்தால் கைக்கு வேலை கிடைக்கிறது. நேசிக்கும் ஓர் உயிர் நடுங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மனிதருக்குப் பெரிய தண்டனை. அம்மா கட்டிய கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. அதில் இருந்தது அவளுடைய கை.

ஆனால் எல்லாக் காரணங்களும் இப்படித் தீங்கில்லாதவை அல்ல. எதிர்வீட்டு அக்கா தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "தம்பி, வெறி கிறி பிடிச்சிருக்கப் போகுது. பிள்ளைக வெளையாடுற எடம்." அவர் கேட்டதில் தவறே இல்லை. வெறிநாய்க்கடியால் மனிதர்கள் இன்னமும் சாகிற நாட்டில் ஒரு நாயின் தலை காரணமில்லாமல் ஆடினால் தாய் ஒருத்திக்கு முதலில் தோன்ற வேண்டியது அதுதான். தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். வெறிநோயின் அறிகுறி கண்ட நாய் சில நாளிலேயே இறந்துவிடும் என்பதையும், கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்வது அதனால்தான் என்பதையும் சொன்னேன். வாரங்கள் கடந்தும் பொன்னி வாசலில் நின்று அவருடைய பிள்ளைகளுக்கு வாலாட்டியதுதான் என் பேச்சைவிட அவருக்குத் தைரியம் தந்தது. காரணம் தெரியாத ஒரு நோய் அக்கம்பக்கத்தில் என்னவாகப் பரவும் என்பதையும் நாயோடு வாழ்கிறவர் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத நடுக்கத்துக்குத் தெரு தானாகவே ஒரு பெயர் வைத்துவிடும். அந்தப் பெயர் நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பொன்னியைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா முதலில் அவளைத் தொடவில்லை, எங்களைக் கேட்டார். "கூப்பிட்டா திரும்புதா? எச்சில் வடியுதா? தன்னையறியாம ஒண்ணுக்குப் போயிருதா? நல்லா தூங்கும்போதும் ஆடுதா? சாப்பாட்டுத் தட்டுகிட்ட போகும்போது கூடுதா, குறையுதா? கண்ணுமணி தானா ஆடுதா? தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கா?" சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு நோயை வாசலோடு திருப்பி அனுப்பும் கேள்வி.

உடம்பு முழுவதையும் பிடிக்கும் வலிப்பு வந்த நாய்க்கு நினைவு தப்பிவிடும். கால்கள் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும், சிறுநீர் கழியும். கூப்பிடும் குரலால் அதை நிறுத்த முடியாது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திசை தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு திரியும். சிறுமூளை பழுதுபட்ட நாய்க்கு நடுக்கம் ஒரு செயலை நோக்கிப் போகும்போதுதான் கூடும். சோற்றுத் தட்டை நெருங்க நெருங்கத் தலை மேலும் ஆடும். பொன்னிக்கோ தட்டைக் கண்டதும் நின்றுவிடுகிறது. உள்காதில் கோளாறு இருந்தால் தலை சாய்ந்து நிற்கும், கண்மணிகள் தாமாக ஒரு பக்கம் இழுபட்டு ஆடும், நடை தள்ளாடும். தொங்கும் காதுகளைக் கொண்ட லாப்ரடாருக்குக் காதுப்புண் அடிக்கடி வரும் என்பதால் அந்த இரண்டு காதுகளையும் அவர் விளக்கடித்துப் பார்த்தார்.

தூக்கத்தில் ஆடுகிறதா என்று அவர் கேட்டதற்குப் பின்னால் இருந்தது டிஸ்டெம்பர். நம் ஊர்த் தெருக்களில் குட்டி நாய்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோகும் வைரஸ் நோய் அது. காய்ச்சல், மூக்கில் சளி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கி நரம்புக்கு ஏறும். பிழைத்த குட்டிகள் சிலவற்றுக்கு ஒரு காலோ தாடையோ தலையோ தாளம் தப்பாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். ஆழ்ந்து தூங்கும்போதும் அந்த வெட்டு நிற்பதில்லை. எங்கள் தெருமுனைக் கறிக்கடை ஓரத்தில் அப்படி ஒரு செவலைக் குட்டி இருந்தது. மணல் குவியலில் சுருண்டு தூங்கும் அதன் பின்னங்கால் துடித்துக்கொண்டே இருக்கும். பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் போடும் தடுப்பூசிகள் டிஸ்டெம்பரைத் தடுக்கும். பொன்னிக்கு அவை கிடைத்தன; அந்தக் குட்டிக்குக் கிடைக்கவில்லை. காரணம் தெரியாத நடுக்கத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதும்போது, காரணமும் தெரிந்து தடுக்கும் வழியும் தெரிந்த நடுக்கத்தோடு நம் தெருக்களில் எத்தனை நாய்கள் கிடக்கின்றன என்பதையும் சொல்லாமல் போக முடியாது. தெரியாததைவிடத் தெரிந்தும் செய்யாததுதான் அதிகமாக நடுங்க வைக்க வேண்டும்.

அடுத்து, என்ன தின்றாள், என்ன மருந்து பட்டது என்ற விசாரணை. பூஞ்சை பிடித்த பழைய சோறும் ரொட்டியும் நாயை நடுங்க வைக்கலாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து பட்டால் நடுக்கம் வரும். மாட்டுக்கு உண்ணி போகத் தெளிக்கும் மருந்தை அளவு தெரியாமல் நாய்மேல் ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் பலர், அதிலும் வரும். சாக்லேட்டில் வரும். உண்ணிக்காக நாய்களுக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில் ஐசாக்சோலின் என்ற வகை உண்டு. பெரும்பாலான நாய்களுக்கு அவை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சிலவற்றுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. இவற்றோடு ரத்தத்தில் சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து, ஈரல், சிறுநீரகம், உண்ணிக் காய்ச்சல் என்று பரிசோதனைகள். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கினால் உடம்பே நடுங்கும். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும். பொன்னிக்கு இவை ஒன்றுமில்லை.

கடைசியில் மிச்சம் இருந்தது மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்றுதான். நாய் அசையாமல் படுக்காது. முழு மயக்கம் கொடுக்க வேண்டும். டாக்டரம்மா இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். இந்த வகை நடுக்கமுள்ள நாய்களின் படங்களில் பொதுவாக எந்தப் பழுதும் தெரிவதில்லை. வேறு அறிகுறி ஏதும் சேர்ந்தால், நடுக்கத்தின் தன்மை மாறினால், அப்போது எடுத்தே ஆக வேண்டும். அதுவரை பொறுத்துப் பார்க்கலாம். நாங்கள் பொறுத்தோம். சீட்டில் அவர் எழுதிய பெயர், காரணம் அறியப்படாத தலை நடுக்கம்.

அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெறுங்கையோடு வருவதுபோல இருந்ததாக வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாள் "தெரியவில்லை" என்று சொல்வதும், இத்தனை கதவுகளைத் தட்டிப் பார்த்த பிறகு "தெரியவில்லை" என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது இருட்டு. இரண்டாவது உழைத்துச் சம்பாதித்த அறிவு. அதன் எல்லைகள் தெளிவாகத் தெரியும். எதுவெல்லாம் இல்லை என்று தெரியும், எது வந்தால் அஞ்ச வேண்டும் என்று தெரியும். மருத்துவத்தின் நேர்மை சில வேளைகளில் இந்த இரண்டாவது "தெரியவில்லை"யில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு காரணத்தைப் புனைந்து சொல்லியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பொன்னிக்குத் தேவையில்லாத மருந்து ஒன்று போயிருக்கும்.

இந்தத் "தெரியவில்லை"யைச் சுற்றி ஆராய்ச்சியாளர்கள் சேர்த்து வைத்திருக்கும் செய்திகள் கொஞ்சமில்லை. 1999 முதல் 2013 வரை பதிவான 291 நாய்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. புல்டாக், லாப்ரடார், பாக்ஸர், டாபர்மேன் ஆகிய நான்கு இனங்களே அவற்றில் பெரும்பகுதி. கலப்பின நாய்களும் இருந்தன. ஏறத்தாழ பாதி நாய்களுக்கு ஆட்டம் இடவலமாக. பெரும்பாலானவற்றுக்கு முதல் ஆட்டம் நான்கு வயதுக்குள் வந்துவிட்டது. ஆட்டத்தின்போதும் அவை தெளிவாகவே இருந்தன. கவனத்தை வேறு பக்கம் திருப்பியதும் பெரும்பாலானவற்றுக்கு நின்றது. வலிப்பு மருந்து கொடுத்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பலனில்லை. ஃபீனோபார்பிடால் போன்ற மருந்துகள் தீராப் பசியையும் தாகத்தையும் சோர்வையும் தரும், ஈரலைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நினைத்தால், பலனில்லை என்று தெரிந்திருப்பதே நாய்க்குக் கிடைத்த பெரிய காப்பு. ஆங்கில புல்டாக்குகளைப் பற்றி 2014இல் வந்த ஆய்வில், வளர்ப்பவர்கள் தகவல் தந்த நாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஆட்டம் இருந்தது. டாபர்மேன்களில் இது குடும்பம் குடும்பமாகத் தொடர்வதை 2011இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அந்தக் கடைசி இரண்டு செய்திகள் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தன. லண்டனில் 1873இல் கென்னல் கிளப் தொடங்கிய காலத்திலிருந்து நாய் இனங்களுக்குப் பதிவேடுகள் உண்டு. பதிவேட்டில் இருக்கும் நாய்களுக்குள்ளேயே இணை சேர்த்து, முகம் இப்படி, நிறம் இப்படி, நெஞ்சு இப்படி என்று மனிதர் விரும்பிய வடிவத்தை நிலைநிறுத்தினார்கள். நெருங்கிய ரத்தத்துக்குள் இணை சேரும்போது விரும்பிய முகத்தோடு விரும்பாத பழுதுகளும் ஊன்றிக்கொள்ளும். வேட்டைக்கும் காவலுக்கும் ஊர் ஊராக வளர்ந்த கோம்பையும் சிப்பிப்பாறையும் இருக்கிற நிலத்தில், வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலில் மீனவரோடு நீந்திய நாயின் வழிவந்தவளை மதுரை வெயிலில் நாங்கள் வளர்க்கிறோம். பொன்னியின் நடுக்கத்துக்குக் காரணம் எங்கோ ஒரு மரபுக்கண்ணியில் இருக்குமானால், அதைக் கோத்ததில் மனிதர் கைக்கும் பங்கு உண்டு. ஆட்டம் உள்ள நாயை இனவிருத்திக்கு விடாமலிருப்பது இப்போதே நம்மால் செய்யக்கூடியது. பொன்னிக்குக் குட்டி கேட்டு வந்தவர்களிடம் இல்லையென்று சொன்னோம்; காரணத்தையும் மறைக்காமல் சொன்னோம். இனி பிறக்கப்போகும் நாய்களுக்கு நாம் தர முடிந்த மரியாதை அது.

இனி, நாளாந்த வாழ்க்கை. காரணம் தெரிந்தால் கைக்கு வேலை என்றேன். காரணம் தெரியாதபோது கண்ணுக்கு வேலை. டாக்டரம்மா எங்களுக்குத் தந்த மருந்துச் சீட்டே அதுதான்: பாருங்கள், எழுதிவையுங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவர் முன் போய் நிற்கும் நேரத்தில் நாயின் தலை ஆடாது. புது இடத்தின் வாசனைகளில் அது விழிப்பாக நிற்கும். வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, அழுதுகொண்டு சொல்லும் வர்ணனையைவிட அவருக்கு அதிகம் சொல்லும். எடுக்கும்போது முகம் மட்டும் போதாது, முழு உடம்பும் தெரிய வேண்டும். பாதி நேரம் சும்மா எடுக்க வேண்டும். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூப்பிட்டதும் என்ன ஆகிறது என்பதையும் எடுக்க வேண்டும். நோட்டில் நேரம், அன்றைய வெயில், சாப்பிட்டது, கொடுத்த மாத்திரை, வீட்டில் விருந்தாளி, தெருவில் வேட்டுச் சத்தம் எல்லாம் ஏறும். சில நாய்களுக்குக் களைப்பிலும் மனக்கலவரத்திலும் நோய்க்குப் பிறகும் ஆட்டம் வருவதாகச் சொல்கிறார்கள். பெட்டை நாய்களுக்கு ஈற்றுக்காலத்தில் வருவதும் உண்டு. பொன்னியின் நோட்டில் அப்படி ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. தீபாவளி இரவில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி உடம்பெல்லாம் நடுங்கியவள், தலை நடுக்கம் இல்லாமலே அந்த வாரத்தைக் கடந்தாள். ஒன்றும் நடக்காத, எல்லாரும் வீட்டில் இருந்த, மீன்குழம்பு வாசம் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தலை ஆடியது.

எழுதிவைப்பதன் பயன் காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் இல்லை. பயத்துக்கு நினைவாற்றல் மோசம். நேற்று ஒரு மணிநேரம் ஆடியதாக அது சத்தியம் செய்யும். வீடியோ சில நிமிடம் என்று காட்டும். வரவர அதிகமாகிறது என்று அது சொல்லும்; நோட்டைப் புரட்டினால் இடைவெளிகள் நீண்டிருக்கும். எழுதி எழுதித்தான் நடுக்கத்தையும் பயத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினேன். ஒன்று நோட்டில் இருந்தது, மற்றது எனக்குள் இருந்தது.

கூப்பிட்டால் நின்றுவிடுகிறது என்பது இந்த நோயின் விந்தைகளில் ஒன்று. ஒரு பெயர், ஒரு ரொட்டித் துண்டு, காதுக்குப் பின்னால் ஒரு வருடல் போதும். மூளையின் ஏதோ ஒரு சுற்றில் தானாக ஓடிக்கொண்டிருந்த அசைவை, கவனம் வந்து நிறுத்திவிடுகிறது. முதலில் இது பெரிய வரமாகத் தோன்றும். பிறகு ஒரு கேள்வி எழும்: ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு நிறுத்துவது யாருக்காக? நாய்க்கு அதில் வலியிருப்பதாக எந்த அறிகுறியும் இல்லை. முனகுவதில்லை, ஓடி ஒளிவதில்லை, தின்பதைக் குறைப்பதில்லை. அரைத்தூக்கத்தில் கிடப்பவளைப் பதறிய குரலில் மறுபடி மறுபடி எழுப்பினால், நடுக்கத்திலிருந்து அவளுக்குக் கிடைக்காத கலவரத்தை நாமே கொடுக்கிறோம். நம் குரல் உயர்வதையும் மூச்சு மாறுவதையும் கை விறைப்பதையும் நாய் உடனே அறியும். நம் முகத்தைப் பார்த்தே தன் உலகம் பத்திரமா என்று முடிவுசெய்யும் உயிர் அது. அதனால் பயத்தை அதன் கையில் கொடுக்காமலிருப்பதுதான் இந்த நோய்க்கு நாம் செய்யும் சிகிச்சையின் பெரும்பகுதி. பக்கத்தில் போய் உட்காரலாம். பேச வேண்டுமானால் எப்போதும் பேசும் குரலில் பேசலாம். ஆட்டம் அடங்கிய பிறகு எப்போதும்போல நடக்கக் கூட்டிப்போகலாம்.

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பொன்னியின் தலை ஆடும்போது அவள் பார்வை ஆடுவதில்லை. அவள் என்னைப் பார்க்கிறாள் என்றால் என்னையே பார்க்கிறாள். உயிர்களின் உடம்பில் இதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. உள்காதின் அரைவட்டக் குழல்கள் தலையின் ஒவ்வொரு திருப்பத்தையும் உணர்ந்து கண்தசைகளுக்குச் சொல்கின்றன. தலை இடப்பக்கம் திரும்பினால் கண் அதே அளவு வலப்பக்கம் திரும்பும். நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் உலகம் குலுங்காமல் நிற்பது இந்த அனிச்சைச் செயலால்தான். உள்காதையும் கண்ணையும் இணைக்கும் இந்தப் பாதை பழுதில்லாமல் இருந்தால் வெளியே தலை எப்படி அசைந்தாலும் உள்ளே காட்சி நிலைத்து நிற்கும். நமக்குத் தெரிவது ஆடும் தலை. அவளுக்குத் தெரிவது, அசையாமல் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். இதை உணர்ந்த பிறகு, அவள் காணும் அந்த மனிதனின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது என் பொறுப்பாகிவிட்டது.

நம் நினைவில் நாய் என்றால் காவல். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளுக்காகப் போரிட்டு விழுந்த வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில், அவனோடு நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து, இரண்டு கள்ளரைக் கடித்து அது காவல் இருந்த செய்தியையும் எழுதிவைத்திருக்கிறார்கள். மனிதருக்காகக் காவல் காத்த நாய்க்குக் கல்லில் பெயர் வெட்டிய மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்களுக்கு, நாய்க்காக மனிதர் காவல் இருப்பது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கோவிவனின் காவலில் பல்லும் பாய்ச்சலும் இருந்தன. நம் காவலில் எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை; ஒருவேளை எதிரியே இல்லை. விழித்திருப்பது மட்டும்தான் செய்ய முடிந்தது. நீளமான, அமைதியான விழிப்பு. அந்தக் காவலின் கடினம் சண்டையில் இல்லை. சண்டையிட எதுவும் இல்லாதபோதும் பார்வையை விலக்காமலிருப்பதில் இருக்கிறது.

இதோடு வாழ்கிற வீடுகளுக்குச் சில காரியங்கள் உண்டு. வெளியூர் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லி, ஒரு வீடியோவையும் காட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நடு இரவில் பதறிப்போய் வேண்டாத ஊசி ஏதாவது போட்டுவிடுவார்கள். புது மருத்துவரிடம் போகும்போது நோட்டை எடுத்துப்போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி ஒரு வருடமும் தவறக் கூடாது. தலை ஆடும் நாய்க்கு அந்த அட்டைதான் தெருவில் அடையாளச் சீட்டு. எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்: கூப்பிட்டும் திரும்பாதபோது, ஆட்டம் கழுத்தைத் தாண்டி உடம்புக்கு இறங்கும்போது, ஆழ்ந்த தூக்கத்திலும் தொடரும்போது, நடை தள்ளாடும்போது, நினைவு தப்பும்போது. இவை இல்லாதவரை ஓடத் தேவையில்லை. ஆய்வுகளில் பல நாய்களுக்குச் சில காலம் கழித்து ஆட்டம் தானாகவே நின்றுபோயிருக்கிறது. சிலவற்றுக்கு வந்து வந்து போகிறது. அதனால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை.

பொன்னியின் நாள்களை நாங்கள் சுருக்கவில்லை. கட்டிலில் ஏறக் கூடாது, ஓடக் கூடாது, வெளியே விடக் கூடாது என்று அன்பின் பெயரால் எத்தனையோ வேலிகளைக் கட்டியிருக்கலாம். வைகைக்கரையில் அவள் ஓடிய ஓட்டமெல்லாம் அந்த வேலிகளுக்குள் போயிருக்கும். நோயில்லாத நேரத்தையும் நோயாளியாகவே வாழ வைப்பது, நடுக்கத்தைவிடப் பெரிய நோய். நாய்க்கு நாளைய நடுக்கத்தைப் பற்றிய கவலை இருப்பதாக நான் நம்பவில்லை. இப்போது வெயில் இருக்கிறது, இப்போது பந்து இருக்கிறது, இப்போது வீட்டு ஆள் வரும் வண்டிச் சத்தம் கேட்கிறது. அந்த இப்போதுகளை அவளிடமிருந்து பறிக்க நம் பயத்துக்கு உரிமை இல்லை.

காரணம் ஒருநாள் தெரியவரலாம். தெரியவர வேண்டும் என்றே விரும்புகிறேன். இன்னும் பிறக்காத நாய்களுக்கு அது உதவும். ஆனால் அன்பு அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் ஓர் உயிரைச் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பது உண்மையானால், நம்மில் யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவே முடியாது. வயதான தாயின் மறதிக்கும், பேசாத பிள்ளையின் மௌனத்துக்கும், நண்பனின் தீராத துயரத்துக்கும் முழுக் காரணம் தெரிந்தா நாம் அவர்களோடு இருக்கிறோம்? விளங்காத ஒன்றின் பக்கத்தில் விளங்காமலே நிதானமாக இருக்கக் கற்றுக்கொள்வது, வாழ்க்கை நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் திறமை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு நாய். தேட வேண்டிய இடமெல்லாம் தேடிய பிறகு, அறிவுக்கு எட்டாத மீதியைப் பயத்தால் நிரப்பாமல் கவனத்தால் நிரப்பலாம். அது கோழைத்தனமும் இல்லை, கைவிடுவதும் இல்லை. நாயோடு வாழ்கிற ஒவ்வொருவராலும் செய்ய முடிந்த காரியம் அது. செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.